சலூனுக்கு ஏ.ஐ. புக்கிங் வாங்கும் முன்: பதில் சொல்வது எது, நேரம் ஒதுக்குவது எது?

‘ஏ.ஐ. வைத்த புக்கிங் மென்பொருள்’ என்று சலூன்களுக்கு இப்போது விற்கப்படுவது ஒரே பொருள் இல்லை. நேரம் ஒதுக்கும் காலண்டர், வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பும் ஏற்பாடு, பில் போடும் பகுதி, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் பாட், எந்த நாளில் கூட்டம் வரும் என்று கணிக்கும் பகுதி, முகத்தில் புது ஹேர் ஸ்டைலை ஒட்டிக் காட்டும் கேமரா வித்தை என எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி வருகின்றன. டெமோ காட்ட வருபவர் கடைசி மூன்றைக் காட்டித்தான் மயக்குவார். கடையில் தினமும் சண்டை வருவதோ முதல் மூன்றில்.

மூன்று முதல் எட்டு நாற்காலி வரை உள்ள தமிழ்நாட்டுச் சலூனை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பல கிளைகள் வைத்திருப்பவர்கள் ஜெனோட்டி போன்ற பெரிய மென்பொருள்களுக்குப் போவார்கள். அவர்கள் கணக்கு வேறு.

## நோட்டும் மேனேஜரும்

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்க ஒரு மேனேஜர், தேதி எழுத ஒரு நோட்டு. மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசலாம், கடுகடுவென்றும் பேசலாம். ஆனால் தேதி காலியா இல்லையா என்பது நோட்டில் இருக்கிறது. நோட்டைத் திறந்து பார்க்காமல் ஞாபகத்தில் ‘இருக்குங்க’ என்று சொல்லும் மேனேஜர், ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் அட்வான்ஸ் வாங்கி வைப்பார்.

சலூன் மென்பொருளில் நோட்டு என்பது காலண்டர். மேனேஜர் என்பது பாட். ஏ.ஐ. என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மேனேஜரின் பேச்சுத் திறமைதான். நோட்டு சரியில்லாத கடையில் பேச்சுத் திறமையான பாட் வைத்தால், தவறான நேரத்தை இன்னும் வேகமாக, இன்னும் மரியாதையாகச் சொல்லும். அதனால் முதலில் காலண்டரைப் பார்ப்போம்.

## ‘காலி’ என்று காலண்டர் எப்படிச் சொல்கிறது

வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஒரு தொடக்க நேரம்தான் ஸ்லாட். மாலை 5.30 ஸ்லாட் காலி என்று காட்ட, மென்பொருள் மூன்று கேள்விக்கு ஒரே சமயத்தில் ‘ஆம்’ பெற வேண்டும். அந்த வேலை தெரிந்த ஸ்டைலிஸ்ட் அப்போது டியூட்டியில் சும்மா இருக்கிறாரா? நாற்காலி இருக்கிறதா? ஹேர் வாஷ் தேவையென்றால் வாஷ் பேசின் காலியா? நாற்காலி, பேசின் மாதிரி ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே தரக்கூடிய பொருளை இந்தத் துறையில் ரிசோர்ஸ் என்பார்கள். மலிவான மென்பொருள்கள் பல, ஸ்டைலிஸ்ட்டின் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும். ஐந்து ஸ்டைலிஸ்ட்டும் ஒரே பேசினும் உள்ள கடையில், ஞாயிறு 11 மணிக்கு மூன்று தலை ஈரத்துக்குக் காத்திருக்கும்.

அடுத்தது நேர அளவு. ரூட் டச்-அப் (வேர்ப் பக்கம் புதிதாக வளர்ந்த முடிக்குக் கலர் போடுவது) ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கலர் பூச 30 நிமிடம், ஊற 35, அலச 10, ப்ளோ ட்ரை 20. மொத்தம் 95 நிமிடம். இதில் ஸ்டைலிஸ்ட்டின் கை தேவைப்படுவது 60 நிமிடம்தான். கலர் ஊறும் அந்த 35 நிமிடத்தைப் பிராசஸிங் டைம் என்று தனியாகப் பதிவு செய்ய மென்பொருள் இடம் தர வேண்டும். தந்தால் அதற்குள் வேறொருவருக்கு 30 நிமிட ஹேர் கட் புக் ஆகும். தராவிட்டால் 95 நிமிடமும் ஸ்டைலிஸ்ட் பெயரில் பூட்டப்படும். ஒரு நாளில் மூன்று டச்-அப் நடக்கும் கடை, மூன்று ஹேர் கட் வருமானத்தை இந்த ஒரு வசதி இல்லாததால் இழக்கிறது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்டைலிஸ்ட் விடுபட்டாலும் கலர் போட்டவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். ஆகவே இரண்டாமவருக்கு வேறு நாற்காலி இருக்கிறதா என்றும் காலண்டர் பார்க்க வேண்டும். டெமோவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘சர்வீஸுக்கு ஒரே ஒரு டியூரேஷன்தான் போட முடியும்’ என்று பதில் வந்தால், கலர் வேலை அதிகம் உள்ள கடைக்கு அது ஆகாது.

வேலைக்கான நேரத்தை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட முடிய வேண்டும். அனுபவசாலி 25 நிமிடத்தில் முடிக்கும் கட்டிங்குக்குப் புதுப் பையன் 45 நிமிடம் எடுப்பான். இருவருக்கும் 30 என்று போட்டால், அனுபவசாலியின் நேரம் வீணாகும். புதுப் பையனின் வரிசை மதியத்துக்குள் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும்.

## வாக்-இன் வராத சலூன் எது?

வெளிநாட்டு மென்பொருள்கள் பல, எல்லோரும் புக் செய்துவிட்டுத்தான் வருவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. நம் ஊரில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து ‘எவ்ளோ நேரம்ணே ஆகும்?’ என்று கேட்பவர்தான் பாதிக் கூட்டம்; இவர்தான் வாக்-இன். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் காலண்டரில் போடாமல் விட்டால், அந்த நிமிடமே காலண்டர் பொய் சொல்லத் தொடங்கும். வீட்டிலிருந்து ஒருவர் அதே நேரத்தை புக் செய்துவிட்டு வந்து நிற்பார்.

எனவே வாக்-இன் ஒருவரைப் பதிவு செய்ய எத்தனை தட்டு தேவை என்று எண்ணிப் பாருங்கள். பெயர், போன் நம்பர், பிறந்த நாள் எல்லாம் கேட்ட பிறகுதான் பதிவாகும் என்றால், கூட்ட நேரத்தில் யாரும் போட மாட்டார்கள். சர்வீஸ், ஸ்டைலிஸ்ட் இரண்டைத் தட்டினால் போதும். மற்றதை பில் போடும்போது கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு வழி, ஒன்றிரண்டு நாற்காலியை ஆன்லைன் புக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டு வாக்-இன்னுக்கே விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமைக்கு இது மிகவும் பொருந்தும்.

ஒரே நேரம் இருவருக்குப் போவதற்கு மற்றொரு காரணம், நோட்டு ஒன்றுக்கு மேல் இருப்பது. போனில் வந்தது ரிசப்ஷன் டைரியில், இன்ஸ்டாகிராமில் வந்தது ஓனர் மொபைலில், ஆப்பில் வந்தது ஆப்பில். எல்லாம் ஒரே காலண்டருக்கு வர வேண்டும். இரண்டு காலண்டரை ‘சிங்க்’ செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சிங்க் என்றால் ஒன்றில் போட்டதை இன்னொன்றுக்கு நகலெடுப்பது. நகல் போய்ச் சேரும் இடைவெளியில்தான் இரட்டை புக்கிங் நுழையும். ஆன்லைனில் அட்வான்ஸ் வாங்கும் கடை இன்னொன்றும் கேட்க வேண்டும்: வாடிக்கையாளர் யூபிஐ பின் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஸ்லாட் தற்காலிகமாகப் பிடித்து வைக்கப்படுகிறதா, பணம் வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் விடுவிக்கப்படும்? ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதுமானது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஸ்டைலிஸ்ட், நாற்காலி, பேசின் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே காலண்டர் வேண்டும். ஊறும் நேரம் தனியாக, ஆளுக்கேற்ற வேக வித்தியாசத்தோடு அதில் பதிவாக வேண்டும். வாக்-இன்னும் அதில் ஏற வேண்டும். இவ்வளவில் ஏ.ஐ. எதுவும் இல்லை.

## வாட்ஸ்அப் இரண்டு வகை

போனில் இறக்கிக்கொள்ளும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். தயார் பதில்கள், கடை மூடிய பின் தானாகப் போகும் செய்தி, விலைப் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் காலண்டரைப் பார்த்துத் தானாக நினைவூட்டல் அனுப்ப அதனால் முடியாது. அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம் என்ற இன்னொன்று வேண்டும். இது ஆப் இல்லை; மென்பொருள் நேரடியாக வாட்ஸ்அப்போடு பேசும் வழி.

அதில் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம் வரை கடை என்ன வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அதன் பிறகு, முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும். இதை டெம்ப்ளேட் என்பார்கள். 2025 ஜூலை முதல் டெம்ப்ளேட்டுக்குச் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். ‘நாளை 4 மணிக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட்’ என்பது யூட்டிலிட்டி வகை, விலை குறைவு. ‘தீபாவளி ஆஃபர், ஃபேஷியல் 20 சதவீதம் தள்ளுபடி’ என்பது மார்க்கெட்டிங் வகை, பல மடங்கு அதிகம். நினைவூட்டலின் வாலில் ‘கூடவே ஸ்பா எடுத்தால் தள்ளுபடி’ என்று ஒட்டினால் முழுச் செய்தியும் மார்க்கெட்டிங் கணக்கில் போகும். பில் எகிறுவதற்கு வழக்கமான காரணம் இது.

கடை நம்பரை பிளாட்ஃபார்முக்கு மாற்றினால் ஆப்பில் அது வேலை செய்யாது என்ற நிலை முன்பு இருந்தது. இப்போது இரண்டிலும் ஒரே நம்பரை வைத்துக்கொள்ள வழி வந்திருக்கிறது. உங்கள் வழங்குநர் அதைத் தருகிறாரா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். பத்து வருடமாகப் போர்டில் எழுதியிருக்கும் நம்பர் அது. எஸ்எம்எஸ் அனுப்பவும் இந்தியாவில் சும்மா முடியாது. அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிந்தாக வேண்டும்.

## இனி பாட்: உள்ளே என்ன நடக்கிறது

பாட் என்றாலே ஏ.ஐ. என்று நினைக்க வேண்டாம். ‘1 ஹேர் கட், 2 கலர், 3 ஸ்பா’ என்று பொத்தான் காட்டி அழைத்துப் போவது வெறும் விதிமுறைப் பாட். அதற்கு ஒன்றும் புரியாது. ஆனால் தவறும் செய்யாது. சர்வீஸ் பத்துக்குள் உள்ள கடைக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

சொந்த வார்த்தையில் எழுதினாலும் புரிந்துகொள்ளும் பாட்டுக்குப் பின்னால் இருப்பது ‘மொழி மாதிரி’ (லாங்குவேஜ் மாடல்). ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்துக் கணித்துப் பதில் எழுதும் நிரல் அது. பொருத்தமான சொல்லைத் தேடுவதே அதன் தொழில். உங்கள் கடையில் 5.30 காலியா என்பது அதற்குத் தெரியாது. மாலை நேரம் கேட்டால் ‘வாங்க, 5.30 இருக்கு’ என்பது வாக்கியமாகப் பொருத்தமானதுதான். உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குள் இல்லை. நோட்டைப் பார்க்காமல் பேசும் மேனேஜர் இவர்தான்.

சரியாகக் கட்டப்பட்ட மென்பொருளில் வேலை இப்படிப் போகும். ‘நாளைக்கு சாயங்காலம் அஞ்சரை ஆறுக்கு கட்டிங் பண்ணணும்’ என்று செய்தி வருகிறது. மொழி மாதிரி அதைச் சேவை, தேதி, நேர எல்லை என்று பிரித்துக் காலண்டரிடம் கேட்கிறது. இப்படி மொழி மாதிரி இன்னொரு நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்குவதை டூல் கால் என்பார்கள். காலண்டர் ‘5.45 மட்டும் காலி’ என்கிறது. மொழி மாதிரி அதை வாக்கியமாக்கி அனுப்புகிறது. வாடிக்கையாளர் சரி என்றதும் காலண்டர் பதிந்து ஒரு புக்கிங் எண் தருகிறது. உறுதிச் செய்தியை மொழி மாதிரி எழுதக் கூடாது. காலண்டரில் பதிந்த தேதி, கிழமை, நேரம், விலை ஆகியவை நிலையான வாசகத்தில் போக வேண்டும்.

இதை டெமோவிலேயே சோதிக்கலாம். சோதனைக் கணக்கில் நாளை முழுவதையும் விடுமுறை என்று பூட்டிவிட்டு, பாட்டிடம் நாளைக்கு நேரம் கேளுங்கள். பிறகு கெஞ்சுங்கள்: ‘அவசரம்ணே, பத்து நிமிஷம்தான்.’ இளகி ஏதாவது ஒரு நேரம் கொடுத்தால் அந்த மென்பொருளை அங்கேயே விட்டுவிடலாம்.

மொழியையும் சோதிக்க வேண்டும். வாடிக்கையாளர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், வாய்ஸ் நோட் போடுவார்கள். ‘ஆறே கால்’, ‘நாளன்னைக்கு’, ‘ரெண்டு பேரு, பையனுக்கு கட்டிங், எனக்கு ரூட் டச்-அப்’ என்பவற்றை அனுப்பிப் பாருங்கள். ‘அடுத்த ஞாயிறு’ என்றால் வருகிற ஞாயிறா அதற்கும் அடுத்ததா என்று மனிதர்களுக்கே குழப்பம். நல்ல பாட் தேதியைச் சொல்லித் திருப்பிக் கேட்கும். பட்டியலில் இல்லாத சேவைக்கு விலை கேளுங்கள். கற்பனை விலை ஒன்றைச் சொன்னால் அது கவுன்டரில் தகராறாக வந்து நிற்கும்.

முக்கியமான சோதனை இது: ‘போன தடவை டை போட்டப்ப அரிப்பு வந்துச்சு, மறுபடி போடலாமா?’ என்று கேளுங்கள். பாட் ஆலோசனை சொல்லவே கூடாது. உடனே மனிதரிடம் கைமாற்ற வேண்டும். நிரந்தரக் கலர்கள் பலவற்றில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அதற்காகத்தான் கலருக்கு 48 மணி நேரம் முன் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது) செய்யச் சொல்கிறார்கள். முதன்முறை கலருக்கு வருபவர் இன்றைக்கே புக் செய்ய முடியாதபடி, பேட்ச் டெஸ்ட் தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கலர் ஸ்லாட் திறக்கும்படி காலண்டரில் விதி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பேசும் ஏ.ஐ.யை விட இந்த ஒரு விதி மதிப்புள்ளது.

சுருக்கம்: பாட் கேட்பதைப் புரிந்துகொள்ளலாம், பதிலை அழகாக எழுதலாம். நேரம், விலை, உறுதி மூன்றும் காலண்டரிலிருந்தும் விலைப் பட்டியலிலிருந்தும் மட்டும் வர வேண்டும். உடல்நலக் கேள்வி மனிதருக்குப் போக வேண்டும்.

## கணிப்பும் கேமராவும்

‘யார் வராமல் போவார் என்று ஏ.ஐ. முன்கூட்டியே சொல்லும்’ என்பார்கள். கணிப்பு என்பது பழைய பதிவுகளில் ஒழுங்கைத் தேடுவது. மாதம் 300 புக்கிங்கில் 20 பேர் வரவில்லை என்றால், அந்த 20 பேரை வைத்துப் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டு முறை வராதவரிடம் அட்வான்ஸ் கேள், ஒரு நாள் முன்பும் மூன்று மணி நேரம் முன்பும் நினைவூட்டு என்ற எளிய விதிகள் சின்னக் கடைக்கு அதைவிடப் பயன்படும். நினைவூட்டலில் ‘வருகிறேன்’, ‘நேரம் மாற்ற வேண்டும்’ என்று இரண்டு பொத்தான் இருக்கட்டும். சொல்லாமல் வராமல் போவதைவிட மாற்றுவது சுலபமாக இருக்க வேண்டும்.

கூட்டத்தைக் கணிப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன வருடத்து ஆங்கிலத் தேதியை வைத்துக் கணிக்கும் மென்பொருள், 2026இல் 19 நாள் முன்னதாகவே கூட்டத்தை எதிர்பார்த்து ஆட்களைப் போடச் சொல்லும். முகூர்த்த நாட்களும் இப்படியே நகரும். ஆடியிலும் மார்கழியிலும் மணப்பெண் அலங்காரம் குறையும். செவ்வாய்க்கிழமை முடி வெட்டப் பலர் வர மாட்டார்கள், கடைகளே பல மூடியிருக்கும். உங்கள் விசேஷ நாட்களைக் கையால் ஏற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே நல்ல கணிப்பு.

முகத்தில் கலரை ஒட்டிக் காட்டும் வசதி, பேச்சைத் தொடங்க நன்றாக உதவும். ஆனால் அது படத்தின் மேல் நிறம் பூசுவதுதான். முடியின் அடி நிறமோ, ஏற்கெனவே போட்ட மருதாணியோ, கடை டையோ அதற்குத் தெரியாது. கறுத்த முடியில் சாம்பல் நிறம் வர முதலில் ப்ளீச் செய்ய வேண்டும். திரை அதைச் சொல்லாது. படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு என்று பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

## விலையை எப்படிக் கூட்டுவது

விளம்பரத்தில் உள்ள மாதச் சந்தா முழு விலை இல்லை. ஸ்டைலிஸ்ட் ஒருவருக்கு இவ்வளவு என்ற கூடுதல், வாட்ஸ்அப் செய்திக் கட்டணம், பாட்டுக்குத் தனிக் கட்டணம், பணம் வாங்கும் வழிக்கான கட்டணம், அவர்கள் ஆப் வழியாகப் புது ஆள் வந்தால் முதல் பில்லில் கமிஷன் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். 400 புக்கிங், ஒவ்வொன்றுக்கும் உறுதி ஒன்று, நினைவூட்டல் இரண்டு என்றால் மாதம் 1,200 செய்தி. உங்கள் எண்ணைக் கொடுத்து எழுத்தில் விலை கேளுங்கள்.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கூடவே, வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போனது. மென்பொருளுக்கு நீங்கள் கட்டும் 18 சதவீதம் அப்படியே செலவு. 1,500 ரூபாய் என்று சொல்லும் சந்தா உங்களுக்கு 1,770. பில் பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி விகிதம் வைக்க முடிய வேண்டும்: ஷாம்பூ 5, ஹேர் டை 18. ஒரே விகிதத்தை மொத்த பில்லுக்கும் போடும் மென்பொருள் ஆடிட்டரிடம் திட்டு வாங்கித் தரும்.

கேட்க மறக்கும் கேள்வி, வெளியே வரும் வழி. வாடிக்கையாளர் பட்டியல், வந்த நாட்கள், பேக்கேஜில் மீதமுள்ள தொகை, யாருக்கு எந்தக் கலர் எந்த டெவலப்பரோடு (கலரில் கலக்கும் திரவம்) என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் எக்ஸெல்லில் இறங்க வேண்டும். பெயரும் நம்பரும் மட்டும் தருவோம் என்பவரிடம் போனால் திரும்பி வர முடியாது. ஸ்டைலிஸ்ட் வேலையை விட்டுப் போகும்போது நம்பர்களும் போகாமல் இருக்க, அவர்கள் திரையில் போன் நம்பரை மறைக்கும் வசதியும் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஆஃபர் அனுப்பச் சம்மதம் வாங்கியதைப் பதிவு செய்யும் இடம் மென்பொருளில் இப்போதே இருப்பது நல்லது.

## எந்த வரிசையில் தொடங்குவது

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், ஒவ்வொரு ஸ்டைலிஸ்ட்டும் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் உண்மையான நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். இந்த அட்டவணை இல்லாமல் எந்த மென்பொருளும் ஓடாது; விற்பவர் போட்டுத் தரும் ‘ஹேர் கட் 30’ உங்கள் கடையுடையது இல்லை. தொடங்க ஆடி மாதம் நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலண்டரும் பில்லும் மட்டும். மூன்றாவது வாரம் நினைவூட்டல். அதன் பிறகு ஆன்லைன் புக்கிங், அதுவும் ஹேர் கட்டுக்கு மட்டும். கலரும் ஸ்மூத்னிங்கும் கடைசியாக.

பாட்டை முதல் மாதம் கடை மூடிய பிறகு மட்டும் பேச விடுங்கள். காலையில் கடை திறந்ததும் இரவுப் பேச்சுகளைப் படித்து, தவறான தேதி எத்தனை, இல்லாத விலை எத்தனை, மனிதரிடம் விட்டிருக்க வேண்டியதைத் தானே பேசியது எத்தனை என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து மூன்றும் பூஜ்யமாக இருந்தால் பகலிலும் விடலாம். இல்லாவிட்டால் பொத்தான் பாட்டோடு நிறுத்திக்கொண்டு, ஏ.ஐ. சந்தாவை ரத்து செய்யலாம். அதனால்தான் முதல் வருடம் மாதச் சந்தாவில் மட்டும் சேர வேண்டும், ‘ஒரு வருஷத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ’ என்பதில் இல்லை.